கார்ஸ்ட் மலையில் நட்டு வளர்த்த காடு: மரத்தடியில் எது முளைக்கிறது, ஏன்? கள ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாநிலத்தில் பாறை இடுக்குகளில் கிடக்கும் கொஞ்ச மண்ணைத் தேடித் தேடி மக்காச்சோளம் விதைத்த மலைச்சரிவுகள் ஏராளம். காடு போனது, உழவு வந்தது, பின்னாலேயே மழை வந்து மண்ணை இழுத்துக்கொண்டு போனது. எஞ்சியது வெறும் சுண்ணாம்புப் பாறை. பாறைப் பாலைவனமாதல் என்று இதைச் சொல்கிறார்கள். 1999-இல் சரிவு வயல்களைக் காடாக மாற்றும் திட்டத்தைச் சீன அரசு தொடங்கியது. 2008-இல் பாறைப் பாலைவனமாதலைத் தடுக்கும் தனித் திட்டம் முதற்கட்டமாக 100 வட்டங்களில் ஆரம்பமானது. சைப்ரஸ், மாசன் பைன், யுன்னான் பைன், சீன ஃபிர் என்று மரங்கள் எழுந்தன. பக்கத்துக் குவாங்சிப் பகுதியில் யூகலிப்டஸ் பரவியது. சூடும் வறட்சியும் மிகுந்த பள்ளத்தாக்குகளில் சிச்சுவான் மிளகு நட்டார்கள். இன்று செயற்கைக்கோள் படங்களில் அந்தப் பகுதி முன்பைவிடப் பசுமையாக இருப்பது தெளிவாகவே தெரிகிறது.

ஆனால் மேலிருந்து பார்க்கும்போது மரங்களின் உச்சி மட்டும்தான் தெரியும். அந்த இடம் காடாக மாறுகிறதா, இல்லை மரங்கள் வரிசையாக நிற்கும் நிலமாகவே இருந்துவிடுமா என்பதை மரத்தடியில்தான் பார்க்க வேண்டும். புதர், புல், பெரணி, கொடி, தானாக முளைத்த மரக்கன்று ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இங்கே அடித்தளச் செடிகள் என்கிறேன். நட்ட மரங்கள் ஒரே வகையாக இருந்தாலும் அடித்தளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே குன்றில், ஒரே ஆண்டில் நட்ட சைப்ரஸ் வரிசையிலேயே பத்தடிக்குள் செடிக்கூட்டம் முற்றிலும் வேறாக இருக்கும். அதற்கான காரணங்களை முறையாகக் கண்டுபிடிக்க இந்த வழிகாட்டி உதவும். முதுகலை மாணவர்கள், வனத்துறையினர், தாவர ஆர்வலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ஸ்ட் நிலத்தில், அதாவது சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவான நிலத்தில், சராசரி எடுப்பதுதான் ஆய்வைக் கெடுக்கும் முதல் காரியம். சராசரி மண் ஆழம், சராசரி வெளிச்சம், சராசரி ஈரம் என்று எழுதினால் அந்த நிலத்தின் உண்மையே கைநழுவிப் போய்விடும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

படி 1: முதலில் பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துப் பிளவு, குழி, குகை, நிலத்தடி ஆறு எல்லாம் உண்டாக்குகிறது. இப்படி உருவான நிலத்தைத்தான் கார்ஸ்ட் என்கிறோம். யாழ்ப்பாணத்தின் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதுவும் சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவானதுதான். ஆனால் யாழ்ப்பாணம் தட்டை நிலம். இங்கே நாம் பேசுவது கூம்புக் குன்றுகளும் அவற்றின் நடுவே கிண்ணம் போன்ற பள்ளங்களுமாக விரியும் மலைநாடு. இந்த நிலத்தோற்றத்தின் சிறந்த மாதிரிகளை யுனெஸ்கோ 2007-இல் தென்சீனக் கார்ஸ்ட் என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குய்லின், ஹுவான்ஜியாங் முதலிய பகுதிகள் 2014-இல் சேர்ந்தன.

குய்சோவின் பல இடங்களில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் செடிகள் வாடுகின்றன. நிலம் சல்லடை மாதிரி. பெய்த மழை பிளவுகள் வழியே உடனே கீழே இறங்கிவிடுகிறது. மண்ணும் குறைவு. சுண்ணாம்புப் பாறை கரைந்தால் மிஞ்சும் கரையாத பொருள் மிகச் சொற்பம் என்பதால், ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இருக்கிற மண்ணும் சரிவில் மட்டுமா போகிறது? பிளவுக்குள் விழுந்து நிலத்தடிக்கும் போய்விடுகிறது.

களத்துக்குப் போனதும் முதல் வேலை, உங்கள் பாறை சுண்ணாம்புக்கல்லா டோலமைட்டா (மக்னீசியமும் கலந்த, சுண்ணாம்புக்கல் போன்ற பாறை) என்று பார்ப்பது. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கி நுரைக்கும். டோலமைட் அப்படியே இருக்கும், அல்லது மெதுவாகக் குமிழி விடும். சுரண்டிப் பொடியாக்கிய பிறகு விட்டால்தான் நன்றாக நுரைக்கும். சின்னச் சோதனைதான், ஆனால் விடை பெரியது. சுண்ணாம்புக்கல் அகலமான, ஆழமான பிளவுகளாகக் கரைகிறது. மண் அந்தப் பிளவுகளுக்குள் திரளும், மற்ற இடம் வெறும் பாறையாக நிற்கும். டோலமைட் பெரும்பாலும் பரவலாகச் சிதைகிறது. மண் மெல்லியதாக இருந்தாலும் ஓரளவு தொடர்ச்சியாக இருக்கும். முன்னதில் செடிகள் கூட்டம் கூட்டமாகவும், பின்னதில் பரவலாகவும் இருக்க இதுவே போதுமான காரணம். இரண்டு வகைப் பாறையையும் ஒரே தொகுப்பில் கலந்துவிட்டு, பிறகு மர அடர்த்திதான் காரணம் என்று எழுதுவது பெரிய தவறு.

படி 2: காட்டுத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

நட்ட மர இனம், நட்ட ஆண்டு, நடுவதற்கு முன் நிலம் எப்படி இருந்தது ஆகிய மூன்றும் தெரியாத இடத்தை எடுக்காதீர்கள். மூன்றாவதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். மக்காச்சோள வயலாக இருந்த இடமும், மேய்ச்சல் புதராக இருந்த இடமும், விறகுக்காக வெட்டி வெட்டி அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய இடமும் ஒன்றல்ல. அடிக்கட்டையும் வேரும் உயிரோடு இருந்தால் புதரும் மரமும் தாமாகவே மீண்டும் துளிர்க்கும். அங்கே செடிவகை அதிகம் இருந்தால் அது சைப்ரஸின் சாதனை ஆகாது. ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வனத்துறைப் பதிவேட்டில் இல்லாத வரலாறு அவர்களிடம் இருக்கும்.

ஒவ்வொரு மர இனத்துக்கும் வெவ்வேறு குன்றுகளில் குறைந்தது மூன்று காட்டுத் துண்டுகள் வேண்டும். ஒரே குன்றில் மூன்று கட்டம் (செடிகளை எண்ண அளந்து ஒதுக்கும் சதுரம்) போட்டால் அது உண்மையில் ஒரே குன்றை மூன்று முறை அளந்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க, அருகிலேயே தானாக மீண்டுவந்த காடு ஒன்றும் தேவை. குய்சோவின் லிபோ வட்டத்தில் உள்ள மாவ்லான் காப்பகத்தில் சுண்ணாம்புப் பாறை மேல் இலையுதிர், பசுமைமாறா மரங்கள் கலந்து நிற்கும் இயற்கைக் காடு இருக்கிறது. அந்த மாதிரி ஒரு காட்டை ஒருமுறையாவது பார்த்துவிட்டு நடவுக் காட்டுக்குள் போங்கள். அடித்தளத்தில் எது இல்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காப்பகங்களுக்குள் போகவும் மாதிரி எடுக்கவும் முன்அனுமதி கட்டாயம்.

படி 3: கட்டம் போடுதல், நுண்வாழிடங்களைப் பிரித்தல்

வேலையின் இதயம் இந்தப் படிதான்.

வழக்கமான முறையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் பெரிய கட்டம் ஒன்றில் மரங்களை அளப்பார்கள். அதற்குள் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்களில் புதர், 1 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டங்களில் புல்பூண்டு. சாதாரண மண்ணில் இது போதும். கார்ஸ்ட்டில் 1 மீட்டர் கட்டம் முழுக்கப் பாறை மேலேயே விழலாம், பக்கத்துக் கட்டம் முழங்கால் ஆழ மண் நிறைந்த பிளவில் விழலாம். இரண்டையும் ஒரே தரமாக எண்ணிக் கூட்டினால் கிடைப்பது பாதிப் பாறை, பாதி மண் என்று எங்குமே இல்லாத ஒரு நிலம்.

ஆகவே இரண்டு வேலையும் செய்யுங்கள். முதலாவது, முன்கூட்டியே முடிவுசெய்த இடங்களில் வழக்கமான கட்டங்கள். மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட இவை உதவும். இரண்டாவது, பெரிய கட்டத்துக்குள் இருக்கும் நுண்வாழிடங்களை, அதாவது செடி வாழும் சூழல் மாறும் சிறு சிறு இடங்களை, வரைபடமாக்கி, ஒவ்வொன்றிலும் தனியாகச் செடி எண்ணுவது. சீனக் கார்ஸ்ட் ஆய்வாளர்கள் வழக்கமாகப் பிரிக்கும் வகைகள் இவை: மண்பரப்பு, பாறைப்பரப்பு, பாறைப் பிளவு, பாறைகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஓடைப்பள்ளம், பாறைக்குழி அல்லது சிறு பொந்து.

ஒவ்வொன்றின் குணத்தையும் கூடவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாறைப்பரப்பில் பகலில் கடும் சூடு, இரவில் குளிர், மண் கிட்டத்தட்ட இல்லை. பாசியும் லைக்கனும் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்த கூட்டுயிர்) முதலில் ஒட்டும்; அவை பிடித்துவைக்கும் தூசியில்தான் பின்னால் சின்னப் பெரணிகள் வரும். பிளவில் மண் குறைவு, ஆனால் அது கருமையாக, மக்கு நிறைந்து இருக்கும். ஆழமாக வேர்விடும் செடி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் பாறைக்குக் கீழே தங்கியிருக்கும் நீரைத் தொட முடியும். ஆகவே மேலே மண் இல்லாத இடத்தில் நல்ல உயரமான புதரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். ஓடைப்பள்ளத்தில் சருகும் மண்ணும் விதையும் வந்து சேரும், நிழலும் உண்டு; பெரும்பாலும் மரக்கன்றுகளை முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். மண்பரப்பில் புல் ஆதிக்கம் செய்யும், ஆடுமாடு மிதிக்கும், மனிதர் கை படும்.

வரைபடத்துக்கு ட்ரோன் கட்டாயமில்லை. கட்டத்தைக் கயிறு கட்டி 1 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் எந்த வகை அதிகம் என்று வரைதாளில் குறித்தாலே போதும். மரம் மூடிய இடத்தில் ட்ரோனுக்குப் பாறை தெரியவும் செய்யாது.

கையுறையும் கெட்டிக் காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். கரைந்த சுண்ணாம்புப் பாறையின் விளிம்பு கத்தியாக இருக்கும். கொடி மூடிய குழிகளும் உண்டு. கம்பால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்க வேண்டாம்.

படி 4: செடிகளைப் பதிவு செய்தல்

ஒவ்வொரு இனத்துக்கும் எண்ணிக்கை, உயரம், எவ்வளவு பரப்பை மூடுகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். வேரில் தொடர்ந்து படரும் புல்லை, ஓஃபியோபோகன் மாதிரியான தரைமூடிச் செடியை எண்ணிக்கையில் அடக்க முடியாது. அவற்றுக்கு மூடும் பரப்பு மட்டுமே நம்பகமானது. கொடிகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். கார்ஸ்ட்டில் கொடிகள் மிகுதி. வேர் ஓரிடத்தில், இலை இன்னோரிடத்தில் இருப்பதால், வேர் எங்கே இருக்கிறதோ அந்த நுண்வாழிடத்தில்தான் கணக்கு வைக்க வேண்டும்.

மரக்கன்றுகளைப் புதரோடு சேர்த்து மறைத்துவிடாதீர்கள். நாளைக்கு மேல்விதானம், அதாவது மர உச்சிகள் சேர்ந்த மேல்மூடி, ஆகப்போவது அவைதான். நட்ட மரத்தின் கன்றா, நாட்டு மரத்தின் கன்றா, விதையிலிருந்து வந்ததா, அடிக்கட்டையில் துளிர்த்ததா என்று நான்கு விவரமும் வேண்டும்.

குறைந்தது இரண்டு பருவங்களில் போங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலான செடிகளை அப்போது அடையாளம் காணலாம். வசந்தத்தின் தொடக்கத்தில் மட்டும் தலைகாட்டும் சிறு செடிகள் கோடையில் கிடைக்காது.

அடையாளம் தெரியாத செடியைப் பறித்துவிடத் தோன்றும். பாறை இடுக்கில் வளரும் பிரிமுலினா, பெகோனியா பேரினங்களில் பல இனங்கள் ஒரே ஒரு குன்றிலோ குகை வாயிலிலோ மட்டும் வாழ்பவை. ஆர்க்கிட்களும் அப்படித்தான் அருகிவருகின்றன. அவற்றைப் படம் எடுங்கள்: இலையின் இரு பக்கம், தண்டு, பூ இருந்தால் பக்கவாட்டில். வேரோடு பிடுங்க வேண்டாம்.

படி 5: வாழிடத்தை அளத்தல்

வெளிச்சத்தில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நடவுக் காட்டில் மனிதர் மாற்றக்கூடிய முதல் காரணி அதுதான். நெருக்கமாக நட்ட சைப்ரஸ் காட்டில் மரங்கள் ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும் வயதில் தரையில் வெளிச்சம் வெகுவாகக் குறைந்து, வெயில் விரும்பும் புல்லும் புதரும் பின்வாங்கும். பிறகு மரங்கள் சில சாய்ந்தோ வெட்டப்பட்டோ இடைவெளி வந்தால் அடித்தளம் மீண்டும் எழும். ஆகவே காட்டின் வயதுக்கும் செடிவகை எண்ணிக்கைக்கும் நேர்க்கோட்டு உறவை எதிர்பார்க்காதீர்கள். இறங்கி ஏறும் வளைவும் வரலாம்.

அளக்க, மீன்கண் லென்ஸ் பொருத்திய கேமராவை மேல்நோக்கி மட்டமாக வைத்துப் படம் எடுங்கள். மேகமூட்டம், அல்லது சூரியன் எழும் முன்னும் மறைந்த பின்னும் இருக்கும் மங்கிய வெளிச்சம் நல்லது. நேர் வெயிலில் இலையோரம் வெளுத்து, திறந்த வானமாகப் பதிவாகும். பலர் 1.3 மீட்டர் உயரத்தில் மட்டும் எடுக்கிறார்கள். புதர் அடர்ந்த இடத்தில் புல்லுக்குக் கிடைக்கும் வெளிச்சம் அதில் தெரியாது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டாவது படமும் எடுங்கள். பக்கத்துப் பாறைச் சுவர் மறைக்கும் வானத்தையும் கணக்கில் சேருங்கள். கார்ஸ்ட்டில் நிழல் தருவது மரம் மட்டுமல்ல.

அடுத்தது பாறை வெளிப்பாடு. கண்ணால் மதிப்பிட்டு 40 சதவீதம், 60 சதவீதம் என்று எழுதுவது ஆளுக்கு ஆள் மாறும். அளவு நாடாவைக் கட்டத்தின் இரு மூலைவிட்டங்களிலும் நீட்டி, நாடாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் பாறை என்று கூட்டினால் ஒழுங்கான எண் கிடைக்கும். சீனாவின் பாறைப் பாலைவனக் கணக்கெடுப்பில் 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாறை வெளிப்பட்டிருப்பது ஒரு முக்கிய எல்லை. உங்கள் கட்டங்கள் அந்த எல்லையின் இரு பக்கமும் இருந்தால் ஒப்பிட நல்லது. கூடவே ஒரு மெல்லிய சங்கிலியைப் பாறையின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படுக்கவைத்து அதன் நீளத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்தால், தரை எவ்வளவு கரடுமுரடு என்பதற்கும் ஓர் அளவு வந்துவிடும். இந்தக் கரடுமுரடைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாறை அதிகம் என்றால் வளம் குறைவு என்று அவசரமாக முடிவு கட்டுகிறோம். தட்டைப் பாறைக்குத்தான் அது பொருந்தும். பிளவும் குழியும் நிறைந்த பாறை, தட்டையான மண்ணைவிடப் பல விதமான செடிகளுக்கு இடம் கொடுக்கும்.

மண் ஆழத்துக்குக் கூர்முனை எஃகுக் கம்பி போதும். ஒரு கட்டத்துக்குப் பத்து இடங்களிலாவது செருகிப் பாருங்கள். கம்பி சட்டென்று நின்றால் மண்ணுக்குள் கிடக்கும் தனிக் கல்லாகவும் இருக்கலாம்; ஒரு சாண் தள்ளி மறுபடி செருகுங்கள். பத்து எண்களின் சராசரியோடு நின்றுவிடாமல், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் ஒரு தனிக் காரணியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இடத்தில் 5 சென்டிமீட்டர், ஐந்து இடத்தில் 55 சென்டிமீட்டர் என்றால் சராசரி 30. எல்லா இடமும் 30 ஆக இருக்கும் கட்டத்துக்கும் சராசரி 30 தான். முதல் கட்டத்தில் இரண்டு விதச் செடிக்கூட்டம் வாழும், இரண்டாவதில் ஒன்று.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத் திசைகாட்டியில் டிகிரியாக எழுதுங்கள், ஆனால் அப்படியே கணக்கில் போடாதீர்கள். 1 டிகிரியும் 359 டிகிரியும் வடக்குதான்; சராசரி எடுத்தால் 180 வந்து தெற்காகிவிடும். கோசைன் எடுத்தால் வடக்குத்தன்மை, சைன் எடுத்தால் கிழக்குத்தன்மை என இரண்டு ஒழுங்கான எண்கள் கிடைக்கும். குய்சோ சுமார் 25 முதல் 29 டிகிரி வட அட்சரேகைக்குள் இருப்பதால் தெற்குச் சரிவு அதிகம் காயும், வடக்குச் சரிவு ஈரம் காக்கும். மண் மெல்லிய இடங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சரிவின் நிலையும் முக்கியம். குன்றின் உச்சியில் மண் மெல்லியது, அடியில் உள்ள கிண்ணப் பள்ளத்தில் திரண்டது. ஆனால் ஆழமான பள்ளங்களில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். குளிர் தாங்காத செடி அங்கே தவிக்கும். உயரம் கூடக் கூடக் குளிரும் என்ற வழக்கமான விதி இங்கே தலைகீழாகலாம். அதனால் உயர எண்ணை மட்டும் நம்பாமல் சிறிய வெப்பப் பதிவுக் கருவிகளை உச்சி, நடுச்சரிவு, பள்ளம் மூன்றிலும் வையுங்கள்.

மண் ஈரத்தை ஒருமுறை அளந்து பயனில்லை. மழைக்கு மறுநாள் எல்லா இடமும் ஈரம்தான். மழை நின்று ஒரு வாரம் கழித்து எது இன்னும் ஈரமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சருகுப் படலத்தின் தடிமனை அளவுகோலால் எடுங்கள். ஊசியிலை மரங்களின் சருகு மெதுவாக மக்கும். அது தடித்துக் கிடந்தால் சிறு விதைகளின் வேர் மண்ணைத் தொடாமலே காய்ந்துபோகும்.

கடைசியாக மனிதர், கால்நடைத் தடயம்: சாணி, வெட்டிய கிளை, ஒற்றையடிப் பாதையின் தூரம், களை வெட்டிய ஆண்டு. எண்ணாக இல்லாவிட்டாலும் தரவரிசையாகவாவது எழுதுங்கள்.

படி 6: மண் ஆய்வகத்தில் எச்சரிக்கைகள்

சுண்ணாம்பு மண்ணுக்கு எல்லாச் சோதனை முறையும் பொருந்தாது. ஆய்வகத்திடம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

மொத்தக் கார்பனை அளக்கும் கருவி சுண்ணாம்பில் உள்ள கார்பனையும் சேர்த்துக் காட்டும். மாதிரியை முதலில் அமிலத்தால் கழுவி அதை நீக்காவிட்டால் வெறும் சுண்ணாம்புத் தூளைச் செழிப்பான மண் என்று படித்துவிடுவோம். செடிக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரசை அளக்க, அமில மண்ணுக்கு உரிய பிரே முறை வேண்டாம். சோடியம் பைகார்பனேட் கரைசலைப் பயன்படுத்தும் ஓல்சன் முறையைக் கேளுங்கள். நடுநிலை அமோனியம் அசிட்டேட் கரைசல், மண்ணில் திடமாகக் கிடக்கும் சுண்ணாம்பையும் கரைத்துவிடும் என்பதால் பரிமாற்றக் கால்சியம் (மண் துகள்களில் ஒட்டியிருந்து செடிக்குக் கிடைக்கும் கால்சியம்) உண்மையைவிட அதிகமாகத் தெரியும். கல் கலந்த மண்ணில் அடர்த்தியைக் கணக்கிடும்போது கற்களின் எடையையும் கனஅளவையும் கழிக்க வேண்டும்.

கால்சியம் மிகுந்தால் பாஸ்பரஸ் அதோடு பிணைந்து செடிக்கு எட்டாமல் போகும். காரத்தன்மை கூடினால் இரும்பும் எட்டாது. இதைத் தாங்கும் செடிகள்தான் சுண்ணாம்பு விரும்பிகள். ஆனால் மழையில் நன்றாகக் கழுவப்பட்ட மஞ்சள் மண், அதே கார்ஸ்ட் பீடபூமியிலேயே அமிலமாகவும் இருக்கும். மாசன் பைன் பெரும்பாலும் அந்த மாதிரி மண்ணில்தான் நன்றாக வரும். ஆகவே அமில கார அளவை ஒவ்வொரு நுண்வாழிடத்திலும் தனியாக எடுங்கள்.

படி 7: பல்வகைமையைக் கணக்கிடுதல்

இன எண்ணிக்கை, இன எண்ணிக்கையையும் சமநிலையையும் சேர்த்துக் காட்டும் ஷானன், சிம்ப்சன் குறியீடுகள், இனங்கள் எவ்வளவு சமமாகப் பகிர்ந்திருக்கின்றன என்று சொல்லும் பியெலு குறியீடு ஆகியவை வழக்கமானவை. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம் சொல்லும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கட்டங்களிலும் 10 இனங்கள். முதலாவதில் பத்தும் சமமாக இருந்தால் ஷானன் மதிப்பு 2.30. இரண்டாவதில் ஓர் இனம் 91 சதவீதம், மற்ற ஒன்பதும் ஆளுக்கு 1 சதவீதம் என்றால் மதிப்பு 0.50. இதை அடுக்குக்குறிச் சார்பால் மாற்றினால் முதலாவதில் 10 இனங்களுக்குச் சமமான பல்வகைமை, இரண்டாவதில் சுமார் 1.65. இந்த மாற்றிய எண்ணையே கட்டுரையில் கொடுங்கள். படிப்பவருக்கு உடனே புரியும்.

புதர், புல்பூண்டு இரண்டையும் தனித்தனியாகவே கணக்கிடுங்கள். புதர் அடர்ந்தால் புல் குறைவது இயல்பு. சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

அப்புறம், கட்டத்துக்குள் இருக்கும் பல்வகைமையோடு நிற்காமல், நுண்வாழிடத்துக்கு நுண்வாழிடம் இனங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு பிளவிலும் ஐந்தாறு இனம்தான் இருக்கலாம். ஆனால் பத்துப் பிளவுகளிலும் வெவ்வேறு இனங்கள் என்றால் அந்தக் குன்று செழிப்பானது. கார்ஸ்ட்டின் செல்வம் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

படி 8: காரணிகளையும் செடிகளையும் இணைத்தல்

கணக்கு நிரலில் எல்லாக் காரணிகளையும் அள்ளிப் போடும் ஆசை வரும். வேண்டாம். பாறை கூடினால் மண் ஆழம் குறையும், விதானம் அடர்ந்தால் வெளிச்சம் குறையும். இப்படி ஒன்றோடொன்று கட்டுண்ட காரணிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாறிகளுக்கு இடையே உள்ள பிணைப்பைச் சோதித்து, விஐஎஃப் மதிப்பு (ஒரு மாறி மற்றவற்றோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்று காட்டும் எண்) 10-ஐத் தாண்டுவதை நீக்குவது பொதுவான வழக்கம். 5-லேயே நிறுத்தினாலும் நல்லதுதான். செடிக்கூட்டம் முழுவதையும் காரணிகளோடு இணைக்க ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியின் வேகன் தொகுப்பில் உள்ள ஆர்டிஏ முறை (செடிக்கூட்டத்தின் மாற்றத்தில் காரணிகள் விளக்கும் பங்கைப் பிரிக்கும் முறை) பரவலாகப் பயன்படுகிறது. இன எண்ணிக்கை போன்ற ஒற்றை எண்ணுக்கு, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடும் கலப்பு மாதிரிகள் பொருத்தம். குன்றின் பெயரைத் தற்செயல் காரணியாக வையுங்கள், ஒரே குன்றின் கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை.

எல்லாக் காரணியும் சேர்ந்து விளக்கும் பங்கு பாதிக்கும் குறைவாக வந்தால் பயப்படாதீர்கள். விதை எங்கிருந்து வந்தது, பறவை எங்கே உட்கார்ந்தது, நிலத்தின் பழைய வரலாறு என்ன என்பவை உங்கள் அட்டவணையில் இல்லையே! பக்கத்து இயற்கைக் காட்டுக்கான தூரத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்துப் பாருங்கள்.

படி 9: யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு கட்டத்தில் 30 இனம் என்பது நல்ல செய்தியா? பெயர்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

டெரிஸ் விட்டாட்டா, அடியாண்டம் போன்ற பெரணிகளும் நந்தினா புதரும் இருந்தால் சுண்ணாம்பு மண்ணின் உரிய குடிகள் இருக்கிறார்கள். டிக்ரானாப்டெரிஸ் பெரணியும் மெலாஸ்டோமா புதரும் பரவியிருந்தால் அங்கே மேல்மண் அமிலமாக இருக்கிறது. பாறை சுண்ணாம்பாக இருந்தாலும் செடியின் வேர் தொடும் மண் வேறு. பைராகாந்தா, காட்டு ரோஜா போன்ற முள்புதர்கள் மிகுந்தால் மேய்ச்சலும் வெட்டும் நடந்த நிலம் மீண்டுகொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். முள்புதரைக் கெட்டது என்று நினைக்கக் கூடாது. ஆடு கடிக்காமல் மரக்கன்று ஒதுங்கி வளர அதைவிட நல்ல வேலி கிடையாது. கோரியாரியா நேபாலென்சிஸ் புதரின் வேரில் உள்ள நுண்ணுயிர் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஏழை மண்ணில் அதன் வரவு வரவேற்கத்தக்கது.

அஜெரட்டினா அடெனோபோரா மட்டும் தரையை மூடியிருந்தால் கவலைப்படுங்கள். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் களை யுன்னான் வழியாகத் தென்மேற்குச் சீனா முழுக்கப் பரவியது. நம் நீலகிரியிலும் அதே செடிதான் சோலை ஓரங்களை மூடுகிறது. வெளிச்சம் திடீரெனக் கூடிய இடங்களில் நாட்டுச் செடிகளுக்கு முன்னால் ஓடிவருவது இதுதான்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் தனியாக வேண்டும்: நாட்டு மரக்கன்று இனங்கள் எத்தனை, அயல் களை எவ்வளவு பரப்பு, இயற்கைக் காட்டில் உள்ள இனங்களில் எத்தனை இங்கே வந்திருக்கின்றன. வனத்துறைக்குத் தரும் அறிக்கையில் ஷானன் எண்ணுக்கு முன்னால் இவற்றை எழுதுங்கள்.

படி 10: முடிவை நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தல்

உங்கள் தரவில் வெளிச்சம் முதல் காரணியாக வந்தால் சில மரங்களை இடையிடையே வெட்டி எடுக்கலாம். ஆனால் ஒரேயடியாகப் பெரிய திறப்பு வேண்டாம். மெல்லிய மண் வெயிலில் காய்ந்துவிடும், களையும் நுழையும். சிறு சிறு இடைவெளிகளாக, நாட்டுக் கன்று ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு மேலே திறப்பதுதான் புத்திசாலித்தனம். இதற்காகவே கன்றுகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன்.

மண் ஆழமும் அதன் சிதறலும் முதலில் வந்தால் வெட்டிப் பயனில்லை. ஓடைப்பள்ளத்திலும் பிளவிலும் நாட்டு மரங்களை நட்டு, பாறைப்பரப்பை அப்படியே பாசிக்கு விட்டுவிடுங்கள். பாறையை உடைத்துக் குழி தோண்டி வரிசையாக நடுவது இருக்கிற வாழிடங்களையும் சமன்செய்துவிடும். மனிதத் தொந்தரவு முதலில் வந்தால் ஊராரோடு பேசுவதுதான் வழி: மேய்ச்சலுக்கும் விறகுக்கும் வேறு ஏற்பாடு இல்லாமல் வேலி மட்டும் போட்டால் அது நிற்காது.

எல்லாக் காட்டிலும் ஒன்று பொருந்தும். நட்ட மரத்தைப் பராமரிக்கிறேன் என்று ஆண்டுதோறும் அடியில் உள்ள எல்லாவற்றையும் வழித்து வெட்டும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நட்ட கன்றை நெருக்கும் களையையும் கொடியையும் மட்டும் அதைச் சுற்றி ஒரு வட்டத்தில் வெட்டினால் போதும்.

வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு, பின் ஆண்டுதோறும் ஒரு கணக்கு என்று தொடர, கட்ட மூலைகளை நிரந்தரமாக்குங்கள். மரக் குச்சி மக்கிவிடும், செங்குத்துச் சரிவருகே ஜிபிஎஸ் பல மீட்டர் தவறும். பாறையில் துளையிட்டு எஃகு ஆணி அடித்து, பக்கத்தில் வண்ணப்பூச்சுக் குறி வைத்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு பெரிய பாறைக்கான தூரத்தையும் திசையையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மறுமுறை போகும்போது அதே மாதம், அதே வரிசை, முடிந்தால் செடி அடையாளம் காண்பவரும் அதே ஆளாக இருக்கட்டும்.